செலகத் சொன்ன பிராசசர்

மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் ஜாவோகோ, திரையில் படம் வரைகிற அந்தப் புது கிராபிக்ஸ் கார்டை வாங்கினான். கொண்டேலே சந்தைக்கு எதிரே அவன் நடத்திவந்த கேம் கடையில் நாலைந்து கணினிகள் இருந்தாலும், ஸ்டீயரிங்கும் பெடல்களும் பூட்டிய பெரிய மெஷின்தான் கடைக்கே பெருமை. வருகிற சனிக்கிழமை அவன் ஊரான கிசுமுவுக்கும் வெளியூரான நகுருவுக்கும் அங்கே கணினியில் கார்ப் பந்தயம். கிசுமுவுக்காக அந்த மெஷினில் ஓட்டப்போகிறவன் ஒடேரா. அதே தெருவில் டயர் கடை வைத்திருப்பவன், வாய் கொஞ்சம் நீளம்.

கார்டைப் பொருத்திய அன்று கடையில் நிற்க இடமில்லை. மழையில் நனைந்த தார்ச்சாலை திரையில் மினுங்கியது. ஒடேரா தனியாக ஒரு சுற்று ஓட்டினான். படம் எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து, கணினி ஓட்டும் கார்களையும் களத்தில் இறக்கினார்கள். முதல் வளைவில் எல்லாம் ஒன்றாக நெருக்கியடித்து நுழைந்ததும் படம் விக்கியது. ஒரு கணம் உறைந்து நின்ற கார் மறுகணம் தடுப்புச் சுவரில் கிடந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினார்கள், திரும்பத் திரும்பச் சுவர்தான்.

கார்டு போலி என்று ஒடேரா முடிவே கட்டிவிட்டான். விற்ற கடைக்காரரோ, கார்டில் ஒரு குறையும் இல்லை, அதற்கு ஈடுகொடுக்க, இருப்பதிலேயே பெரிய பிராசசரை வாங்கிப் போடுங்கள் என்றார். அது, பாகங்களையெல்லாம் பூட்டுகிற ஜாவோகோவின் மதர்போர்டில் உட்காராது. அதை வாங்கினால் போர்டையும் மெமரியையும்கூட மாற்ற வேண்டும். விற்பதற்கு அவனிடம் இன்னொரு மோட்டார் சைக்கிள் இல்லை.

வியாழக்கிழமை மதியம் செலகத் கடைக்குள் வந்தாள். நகுருவின் வீராங்கனை அவள்தான். அங்கே டிராக்டர் உதிரிபாகம் விற்கிறாள். கிசுமுவில் அக்கா வீடு இருப்பதால் முன்கூட்டியே வந்துவிட்டாள். பந்தயத்துக்குத் தன் சொந்த மெஷினையே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேசை தன் ஸ்டீயரிங்கைத் தாங்குமா என்று பார்க்கத்தான் வந்தது. பார்த்தபோது ஒடேரா மறுபடியும் சுவரில் மோதினான்.

அவள் சிரிக்கவில்லை. தான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒடேரா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"எதிராளிய யாராவது சமையக்கட்டுல விடுவாங்களா அண்ணே?" என்றான் ஜாவோகோவிடம்.

"உன் மெஷின் இப்பிடியே விக்கிக்கிட்டு இருந்தா எனக்கு நல்லதுதான் தம்பி," என்றாள் செலகத். "பாட்டு கேட்டுக்கிட்டே ஜெயிச்சிட்டுப் போயிருவேன். ஆனா ஊருக்குப் போனா எங்க ஆளுங்க கேப்பாங்களே, நீ கிசுமுக்காரன ஜெயிச்சியா, கிசுமுக்காரன் டப்பாவ ஜெயிச்சியான்னு."

ஜாவோகோ ஒடேராவை எழுப்பிவிட்டான்.

அவள் ஓட்டவே இல்லை. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். திரையில் மரங்கள் பச்சைக் கட்டிகளாயின, சாலை சாம்பல் பூசியதுபோல் ஆனது. பிறகு எல்லாக் கார்களையும் விட்டுப் பந்தயத்தைத் தொடங்கி, மூலையில் ஓடிய எண்ணைக் காட்டினாள். ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. படம் இத்தனை மட்டமான பிறகும் அது ஏறவில்லை, பழையபடி அதே இடத்தில்தான் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"வேலையக் குறைச்சும் வேகம் ஏறலைன்னா, தடுக்கிறது கார்டு இல்ல, அக்கேயோ அப்பா. அது பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு," என்றாள். அக்கேயோ ஜாவோகோவின் மகள்; கடையில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அத்தன காரோட டயரு, பிரேக்கு, மோதல் எல்லாத்தையும் கணக்குப் போட்டுக் குடுக்கிறது பிராசசர். அதுக்குத்தான் மூச்சு வாங்குது."

"அப்ப கடைக்காரர் சொன்ன பெருசையே வாங்கணுமா?"

"எதுக்கு? உங்க போர்டுல உக்கார்றதுலயே ஒண்ணு இருக்கு. போடுற கணக்கக் கைக்கெட்டுற இடத்துல வச்சுக்கிற கேஷ் மெமரிய உள்ளுக்குள்ளயே நிறைய வச்சது. கார்ப் பந்தயத்துக்கு அதுதான் வேணும். நானும் அதத்தான் போட்டிருக்கேன். பழைய பிராசசர் உள்ள இருக்கும்போதே போர்டுல இருக்கிற பயாஸ் புரோகிராமைப் புதுப்பிச்சிருங்க, இல்லேன்னா புதுசை அதுக்கு அடையாளம் தெரியாது. மறந்துட்டு மாத்தினீங்கன்னா திரையே எரியாது, அப்புறம் கார்டையும் சேத்துத் திட்டுவீங்க."

அவள் போன பிறகு ஒடேரா குமுறினான். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மெஷினைப் பிரிக்கச் சொல்கிறாளே, இது கெடுக்கிற வேலை இல்லையா என்றான். ஜாவோகோவுக்கும் மெஷினைப் பிரிக்கப் பயம்தான். ஆனால் அவள் எதையும் நம்பச் சொல்லவில்லை. அவன் கண்முன்னாலேயே காட்டிவிட்டுத்தான் போனாள். தெரிந்த வழியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எதிராளிக்குக் கொடுத்த ஒருத்தியைச் சந்தேகிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிராசசரை வாங்கி அனுப்பச் சொல்லி, நைரோபியில் இருந்த மச்சானுக்குப் போன் போட்டான்.

வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் பிராசசர் வந்தது. யாரும் கூப்பிடாமலே செலகத்தும் வந்தாள். கடைசிவரை அவள் மெஷினைத் தொடவில்லை. உங்கள் மெஷினில் உங்கள் கைதான் படவேண்டும் என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிராசசரின் மேல் பூசும் வெப்பப் பசையை அவன் அதிகமாகப் பிதுக்கியபோது மட்டும் நாக்கைச் சொடுக்கினாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். பயாஸை முன்தினமே புதுப்பித்திருந்ததால் திரை உடனே எரிந்தது. எல்லாக் கார்களையும் இறக்கினான். முதல் வளைவு வந்தது, நெருக்கடி வந்தது, படம் ஒரு மயிரிழைகூட நடுங்கவில்லை. தனியாக ஓடும்போது எப்படி ஓடியதோ அப்படியே போனது. ஒடேரா ஸ்டீயரிங்கைப் பிடித்து, கடை சாத்தும்வரை எழாமல் ஓட்டினான்.

சனிக்கிழமை கூட்டம் சந்தைவரை நின்றது. இரண்டு மெஷினும் அடுத்தடுத்த மேசைகளில். ஒடேரா தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடினான். அவன் அப்படி ஓட்டி ஜாவோகோ பார்த்ததில்லை. செலகத் அவன் முதுகை விடவே இல்லை. வலப்பக்கம் வருவதுபோல் காட்டுவாள், வரமாட்டாள். கடைசிச் சுற்றில், ஏரிக்கரை வளைவில், யாரும் போகத் துணியாத வெளிப்பக்கமாக, ஈரம் காயாத ஓரத்தில் காரை விட்டாள். பிரேக்கை அழுத்தப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்த இடத்தைத் தாண்டி, அதற்கப்புறம்தான் அழுத்தினாள். வளைவைவிட்டு வெளியே வரும்போது அவள் கார் ஒரு சாண் முன்னால் இருந்தது. அந்த ஒரு சாணை அவள் முடிவுக் கோடுவரை விடவில்லை.

முதலில் கைதட்டியது ஜாவோகோ. தோற்றது தன் கடையின் மெஷின் என்பதே அவனுக்கு அப்போது ஞாபகம் இல்லை.

ஒடேரா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே மெஷின் மேல பழி போடக்கூட வழியில்லாம பண்ணிட்டியே அக்கா," என்றான்.

"அதுக்குத்தான் அவ்வளவு பாடுபட்டேன்," என்றாள் செலகத்.

ஜாவோகோவின் மனைவி வறுத்த மீனும் மக்காச்சோளக் களியான உகாலியும் கொண்டுவந்து வைத்தாள். நகுருக்காரி முள்ளை எடுக்கத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்து, அந்த ஒரு போட்டியிலாவது கிசுமு ஜெயித்தது என்று ஒடேரா ஊருக்கே கேட்கும்படி சொன்னான். பஸ் நிலையம்வரை அவள் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவனும் அவன்தான். அந்த வெளிப்பக்கத்தை எப்படிப் பிடித்தாள் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பஸ்ஸின் பின்கண்ணாடியில் படிந்திருந்த புழுதியில் செலகத் விரலால் அந்த வளைவை வரைந்து, பிரேக் பிடித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். ஒடேரா போனில் அதைப் படம் எடுத்தான். ஜாவோகோவும் எட்டிப் பார்த்தான். புள்ளி, அவன் நினைத்திருந்த இடத்தைவிட வளைவுக்குள் வெகுதூரம் தள்ளி இருந்தது.