ராகு காலத்துக்கு முந்திக் கிளம்பிய வண்டி

ஜொகூர் பாருவில் அரசாங்க மராமத்து இலாகாவில் கட்டடப் படம் வரைகிற ஏரம்பமூர்த்திக்கு மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்ததும், வீட்டில் இரும்பென்று ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டில் குழாய்கள் வண்டிக்கு எலும்பாயின. நொறுங்கிப்போன சீமை வண்டி ஒன்றின் எஞ்சினை வாங்கி, பாதியை அரத்தால் ராவித் தள்ளிவிட்டு, மீதியைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டினார். முழங்கால் தரையில் உரசுகிற மாதிரி அத்தனை தாழ்வு! பந்தயத்துக்கென்றே கட்டிய அந்த மாதிரி வண்டி உலகத்தில் அது ஒன்றுதான்.

மனைவி கனகம்மா பொறுத்தாள், பொறுத்தாள், பாயில் படுத்து இடுப்புப் பிடித்துக்கொண்ட அன்று பொங்கிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில இது வெல்ல வேணும். வெல்லாட்டி அறுத்துத் திரும்பக் கட்டிலாக்கிப் போடுங்கோ. பிறகு இந்த வீட்டில வண்டிப் பேச்சு எடுக்கப்படாது.”

சத்தியமும் பண்ணிக் கொடுத்துவிட்டார், மடமனுஷன்!

பந்தயம் தம்போய் பக்கம், ரப்பர் தோட்டத்தைச் சுற்றி வரும் செம்மண் பாதையில். தோட்டத்துத் துரைமார் பளபளவென்ற சீமை வண்டிகளோடு நின்றார்கள். கொடி விழுவது பதினொன்றுக்கு என்று கேட்டதும், கூட வந்திருந்த கனகம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குதெல்லே! இப்பவே கிளப்புங்கோ. முதலே கிளம்பினதை ராகு ஒண்டும் செய்யான். ஆனா பன்னிரண்டு மணி வரைக்கும் இடையில நிப்பாட்டப்படாது, சொல்லிப்போட்டன்!”

அட, இவளுக்கும் வண்டி ஜெயிக்க வேண்டும் என்று இருக்கிறதே! ஏரம்பமூர்த்திக்குக் காதுவரை சிரிப்பு வந்துவிட்டது. உடனே தள்ளிக் கிளப்பினார்.

“அலமாக்! கிராணி ஐயா, பந்தயத்துக்கு முன்னாலயே பெட்ரோல் தீந்துரும்!” என்று அலறினார், பார்க்க வந்திருந்த சாப்பாட்டுக்கடை நஜ்முதீன். ஆபீஸ் உத்தியோகக்காரர் எல்லாருமே அவருக்குக் கிராணிதான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நின்ற இடத்தில் ஓடவிட்டால் எஞ்சின் கொதித்துப் போகும். அணைத்தால் கனகம்மா கொதிப்பாள். ஆகவே மரங்களுக்கு நடுவே மெதுவாக வட்டம் போட்டார். போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போது கொட்டியது பாருங்கள் ஒரு மழை! வானமே பொத்துக்கொண்டது. எல்லாரும் வண்டியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார்கள். நம் ஆள் மட்டும் நனைந்த கோழியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மழை விட்டது, கொடி விழுந்தது. துரைமார் தள்ளினார்கள், உதைத்தார்கள், கெஞ்சினார்கள். ஈரம் ஏறிய வண்டிகள் இருமினவே தவிர எழும்பவில்லை. சூடாக ஓடிக்கொண்டிருந்த ஒரே வண்டி கோட்டைத் தாண்டிப் பறந்தது.

பாதித் தூரத்தில் பின்னால் உறுமல். எப்படியோ கிளப்பிவிட்ட ஒரு துரை, பெரிய வண்டியில் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு முந்திப் போனார். ஏரம்பமூர்த்தி இன்னும் முறுக்கிப் பார்த்தார், எட்டவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, வண்டியை அறுக்க ரம்பம்தான் பாக்கி!

அடுத்து வந்தது களிமண் வளைவு. கனத்த வண்டி வழுக்கிக்கொண்டு போய் கால்வாயில் உட்கார்ந்தது. துரைக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பிதான் மிதந்தது. ஏரம்பமூர்த்தி சாய்ந்தார். முழங்காலில் சேறு வழிந்தது. வண்டி தரையோடு ஒட்டி, நூல் பிடித்த மாதிரித் திரும்பியது. இதற்காகத்தானே அத்தனை தாழ்வாகக் கட்டினார்! தனியாக ஓவென்று கூவிக்கொண்டே போனார்.

கடைசிக் கோட்டில் நஜ்முதீன் துண்டைச் சுழற்றி ஆடினார். நடுவர் வெள்ளிக் கோப்பையோடு முன்னால் வந்து, “நிறுத்துங்கள்” என்று கை காட்டினார். எப்படி நிறுத்துவது? பன்னிரண்டு ஆகவில்லையே! ஏரம்பமூர்த்தி அவரையே சுற்றிச் சுற்றி வந்தார்.

கனகம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கூடவே நாலு எட்டு ஓடி, ஒரே தாவலில் பின் மட்கார்டில் ஏறி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“மெல்ல, மெல்ல, விழுந்திடுவாய்!”

“ஓட்டுங்கோ! என்ன கோதாரி வண்டி கட்டினனீங்கள், ஒரு ஆள் மட்டும் இருக்கிறதுக்கு? அடுத்ததில எனக்கும் ஒரு சீட்டு வையுங்கோ!”