நடு ரீல் தண்ணீருக்குள் இருக்கிறது

1

இந்தக் கதை புதன்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தானாகத் தோன்றியது போல எழுதலாம்தான். ஆனால் நான் அப்போது கொட்டகலையில் என் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அழைத்தது என் அண்ணன் ஜூட்சன்.

“பாப்பா, ஞாயித்துக்கெழம மவுஸ்ஸாகலைக்குப் போறோம்.”

“யாரு போறோம்?”

“நானும் நீயும்தான். காலையில பூசை முடிஞ்சதும் வந்துரு. வர்றப்ப ரீலு ஒண்ணு எடுத்துட்டு வா.”

“எந்த ரீலுண்ணே?”

அவர் வீட்டுச் சேவல் கூவுவது கேட்டது.

“நீயே பாத்து எடு.”

ஐம்பதைத் தொட்ட என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். மீன் விஷயத்தில் எதையும் பிறரிடம் விட்டுக்கொடுக்காத அவர், தூண்டில் ரீலை என்னைத் தெரிவு செய்யச் சொன்னார். தேங்காய் துருவி முடிந்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள்:

பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் [எங்கள் பக்கத்துக் கதைகள் எல்லாவற்றிலும் பனி இறங்குகிறது. இங்கே மத்தியானமும் உண்டு, முதுகைச் சுடும் வெயிலும் உண்டு. வேண்டாம்.]

ஜூட்சனின் வலது கை இப்போது [இப்போது என்ன? இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.]

மீன்பிடி ரீலில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நூல் உருளை எத்தனை முறை சுற்றுகிறதோ, அதுவே அந்த ரீலின் விகிதம். [பாடப்புத்தகம் போல இருக்கிறது. ஆனால் பொய் இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான். இதை வைத்துக்கொள்கிறேன்.]

3

அண்ணன் அட்டனிலிருந்து நல்லதண்ணிக்குத் தனியார் பஸ் ஓட்டியவர். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் இரவு பகல் தெரியாமல் ஓட்டுவார். சீசன் முடிந்து பஸ் காலியாக ஓடும் மாதங்களில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் ஓரம் தூண்டிலோடு நிற்பார். அண்ணியின் தம்பி கிறிஸ்டியன் கனடாவிலிருந்து வந்தபோது மூன்று ரீல்களும் ஒரு பெட்டி நிறையப் பொய் இரைகளும் கொண்டுவந்தான். எல்லாம் பாஸ் என்கிற மீனுக்காகச் செய்தவை.*

ஒன்றின் விகிதம் ஐந்து சொச்சம், இன்னொன்று ஆறு சொச்சம், மற்றது ஏழரை. கிறிஸ்டியன் எதற்கு எது என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னான். அண்ணன் பாதியில் நிறுத்தினார்.

“மச்சான், நீ சும்மா இரு. இது கியரு. எனக்குச் சொல்லித் தரப் போறியா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “பாப்பா, ஏத்தத்துல டாப் கியர் போட்டா பஸ் என்னா செய்யும்?”

“நின்னுரும்.”

“அதான். இந்தா, இந்தக் கரண்டிவாயன் இருக்கான்ல?”

கரண்டிவாயன் என்று அவர் பெயர் வைத்தது வாயில் கரண்டி போன்ற தகடு கொண்ட பிளாஸ்டிக் மீனுக்கு. இழுக்க இழுக்க நடுங்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும். கை முழுவதும் பாரம் தெரியும்.

“இவன் லோடு ஏத்துன பஸ்ஸு. இவனுக்கு ஐஞ்சு. மெதுவா சுத்தும், ஆனா பலம் இருக்கும். தகடு சுத்துற இரைக்கு நடு ரீலு. இந்த ரப்பர் புழுவுக்கு ஏழரை.”

“புழுதான் அசையவே மாட்டேங்குதே. அதுக்கு எதுக்கு வேகமான ரீலு?”

எல்லோரும் செய்கிற பிழை அது என்று பிறகுதான் தெரிந்தது. மெதுவான இரைக்கு மெதுவான ரீல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

“புழுவை ஆட்டுறது கம்பு. ரீலு இல்ல. கம்பை லேசாத் தூக்கி எறக்குவ. ஒவ்வொரு தடவையும் நூல் தொய்யும். ரீலு தொய்வை மட்டும் அள்ளணும். மீன் கவ்வுற நேரம் நூல் தொய்ஞ்சு கெடந்துச்சுன்னா, நீ இழுக்குறது மீனை இல்ல, நூலை.”

கிறிஸ்டியன் கையை விரித்துக் காட்டினான். “அத்தான் சொல்றது சரிதான். நான் இங்கிலீஸ்ல சொன்னதும் அதத்தான்.”

“நீ சொன்னது யாருக்கு வெளங்குச்சு?” என்றார் அண்ணன்.

[* பாஸ் மீன் எங்கள் தண்ணீரில் இல்லை. அண்ணன் அதைக் கண்ணால் கண்டதில்லை, கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். அந்த இரைகளைக் கவ்வ வந்தது இங்குள்ளவர்கள் லூலா என்று சொல்கிற விரால். “நம்ம லூலாவுக்கு இங்கிலீஸ் தெரியும்” என்பார்.]

4

கவனமாக வாசிக்கிறவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். ரீல் மூன்று இருக்கிறதே, நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு போனால் என்ன?

நடு ரீல் தண்ணீருக்குள் இருக்கிறது.

கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் தூக்கிப் போட்டதாக நினைக்க வேண்டாம். கற்பனை என்றால் இவ்வளவு வசதியாக எழுதக் கூச்சப்பட்டிருப்பேன். போன வருடம் மே மாதம், சீசன் முடிந்த வாரத்தில், அண்ணனும் அவருடைய பஸ் கண்டக்டர் அழகுமுத்துவும் கரையில் நின்றிருக்கிறார்கள். கம்பும் நடு ரீலும் அண்ணனின் வலது கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போயின. அண்ணன் குனிந்து எடுக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். “என்னாண்ணே, மீனுக்கே குடுத்துட்டீங்களா?” என்று அழகுமுத்து சிரித்திருக்கிறார். அண்ணன் ஏதோ சொன்னார். அது சொல்லாக வரவில்லை. அப்புறம்தான் அழகுமுத்து அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

வாதம் வலது பக்கத்தில். பேச்சு திரும்பி வந்தது. காலும் ஒருவாறு வந்தது, தடி ஊன்றிக்கொண்டு. கைதான் பாதி வழியில் நிற்கிறது. பிடித்தால் பிடித்ததுதான், விரல்கள் தானாகத் திறக்காது. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அண்ணன் அதிலும் ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார். மாத்திரை, பஸ் டிக்கட், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் அந்தக் கைக்குள் வைத்துக்கொள்வார். “இது என் பாக்கெட்டு. யாரும் களவெடுக்க ஏலாது.”

ரீலின் கைப்பிடி வலது பக்கத்தில். எறிவதற்கு இடது கை போதும். சுற்றுவதற்குத்தான் அந்தப் பாக்கெட்டு வேண்டும்.

5

இந்த இடத்தில் நான் தகர டின்னைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால் கதை பின்னால் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் முதல் ரீல் ஒரு பால்மா டின். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர். நைலோன் நூலை அந்த டின்னில் சுற்றி வைத்திருப்போம். இரை கோதுமை மாவு உருண்டை. அண்ணன் நூலைச் சுழற்றி எறிவார். டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். மீன் மாட்டினால் அவர் கைமாறிக் கைமாறி நூலை இழுப்பார். இழுத்த நூல் அவர் காலடியில் சுருண்டு விழும். அது சிக்காமல் டின்னில் சுற்றி எடுப்பது என் வேலை.

“சுத்து பாப்பா, சுத்து. காலைச் சுத்துது பாரு.”

“சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இதென்னா சுத்து, சாமிக்கு ஆரத்தியா காட்டுற?”

ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று. அதுதான் எங்கள் விகிதம். மீனை விடத் தொய்ந்த நூலைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். ஈர நைலோன் விரலிடுக்கில் ஓடும்போது உண்டாகும் எரிச்சல், டின்னின் விளிம்பில் இருந்த துரு வாசம், அவருடைய அரைக்காற்சட்டையின் கிழிசல் – எல்லாம் இன்று காலை நடந்தது போல இருக்கின்றன. மீன் எவ்வளவு பெரியது என்பது மட்டும் நினைவில்லை.

பிறகு அவர் பஸ் ஓட்டிய காலத்தில், அட்டனுக்கு வந்தால் சாரதிக்குப் பின் இருக்கையில்தான் உட்காருவேன். நோர்வூட் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அதற்கு முன்பே கியர் குறைத்துவிடுவார். எஞ்சின் சத்தம் மாறும்போது பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட ஒரு கணம் கண் திறப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும் என்பதற்காகவே சிலநேரம் பயணம் போயிருக்கிறேன். கியர் கம்பியின் மேல் அந்த வலது கை

[பாருங்கள், மறுபடியும் அந்த வாக்கியம். தவிர, நம் பஸ்களில் கியர் இடது கைப் பக்கம். என் நினைவு கையை மாற்றி வைத்திருக்கிறது. ஏன் என்று எனக்கு விளங்குகிறது. விட்டுவிடுகிறேன்.]

6

அண்ணி இராசம்மாவை முதல் பிரதியில் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அண்ணனின் ரீல்களையும் இரைப்பெட்டியையும் அவருக்குத் தெரியாமல் மூட்டையாகக் கட்டி, ஓட்டோவில் ஏற்றி என் வீட்டில் கொண்டுவந்து போட்டவர். கதைக்கு எதிரி வேண்டும் என்பது ஒரு பழக்கம். வியாழக்கிழமை அவரோடு பேசிய பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

“ஜொய்சி, ஞாயித்துக்கெழம போறீங்களாமே.”

“ஆமாண்ணி. நீங்க வேணாம்னா நான் சொல்லிர்றேன்.”

“நான் எங்க வேணாம்னேன்? தண்ணிக்கிட்ட தனியா நிக்கிறப்ப கால் மடங்குனா யாரு தூக்குறது? லூலாவா? அதுக்குத்தான் எடுத்துட்டு வந்து போட்டேன். நீ கூட இருந்தா போகட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவரு ஒண்ணு சொன்னாரு. இந்த ஒரு தடவ பாக்குறேன், ஏலாட்டி எல்லாத்தையும் கிறிஸ்டியனுக்கே அனுப்பிரு, இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்னாரு. பஸ் ஓட்டுறத வுட்டப்பயும் இப்புடித்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் ரோட்டுப் பக்கமே திரும்பிப் பாக்கல ஜொய்சி. பஸ் ஹார்ன் கேட்டா கதவைச் சாத்துறாரு.”

“ஏதாச்சும் கெடைக்கும் அண்ணி,” என்றேன்.

“மீன் கெடைக்காட்டியும் பரவால்ல. திரும்பி வர்றப்ப பேசிக்கிட்டு வரணும், அவ்வளவுதான்,” என்றார் அண்ணி.

7

இப்போது சனிக்கிழமை. இரண்டு ரீல்களும் மேசையில், இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கைப்பிடிகளைச் சுற்றிப் பார்த்தேன். ஐந்து இலகுவாகச் சுற்றுகிறது. ஏழரை முரண்டு பிடிக்கிறது.

அப்படியானால் ஐந்துதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பலவீனமான கைக்கு இலகுவான ரீல். ஆனால் ஐந்துக்கு உரிய இரை கரண்டிவாயன். அவனை எறிந்த நேரத்திலிருந்து கரை சேரும் வரை நிறுத்தாமல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் இலகு, ஆனால் சுற்றுக்கு முடிவில்லை. தவிர, பையைத் திறந்து ஐந்தைப் பார்த்தால் அண்ணன் என்ன நினைப்பார்? தங்கச்சியும் எனக்கு ஏத்தத்துக் கியரைத்தான் குடுத்துவிட்டாள் என்று நினைப்பார்.

ஏழரைக்கு உரியது புழு. கம்பு ஆடும், வலது கை சும்மா இருக்கும். எப்போதாவது அரைச் சுற்று, தொய்வை அள்ள மட்டும். ஒரு காலை முழுக்க அண்ணன் பழைய அண்ணனாகவே உட்கார்ந்திருக்கலாம். மீன் கவ்வும் வரை. கவ்விய பிறகு அந்தக் கை வேகமாகவும் பலமாகவும் சுற்ற வேண்டும். அப்போது முடியாமல் போனால், முடியவில்லை என்பது ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு ஒன்று. ஐந்து. அண்ணன் மெதுவாகச் சுற்றுகிறார், ஓய்வெடுத்துச் சுற்றுகிறார், சின்ன மீன் ஒன்று வருகிறது. வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். [அண்ணன் நிம்மதியாக இல்லை. என்னைப் பார்க்காமல் மீனைத் தண்ணீரில் விடுகிறார்.]

முடிவு இரண்டு. ஏழரை. பெரிய விரால் கவ்வுகிறது. கைப்பிடி பாதிச் சுற்றில் நின்று [இதை எழுதி முடிக்க என்னால் ஏலவில்லை.]

முடிவு மூன்று. அண்ணன் கம்பைப் பிடித்துக்கொள்கிறார், நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன். டின்னைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பாப்பா. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அழுகைகூட வந்தது. ஆகவே இதை நம்ப மாட்டேன். அவர் கையிலிருக்கும் ரீலைத் தொட்டால் அண்ணன் என்னையே தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்.

8

சற்று முன் அண்ணன் மறுபடியும் அழைத்தார்.

“எடுத்து வச்சிட்டியா?”

“வச்சிட்டேன்,” என்று பொய் சொன்னேன். “இரைப்பெட்டியையும் கொண்டு வரவா?”

“வேணாம். எனக்குத் தெரியாதுன்னு ஒங்க அண்ணி மூட்ட கட்டுனப்ப ஒண்ணை ஒளிச்சு வச்சிட்டேன். அதைத்தான் கொண்டு வர்றேன்.”

“எதுண்ணே?”

“அங்க வந்து பாரு. நீ எதை வச்சிருக்கேன்னு நான் கேட்டனா?”

பெட்டியைத் திறந்து எது குறைகிறது என்று தேடினேன். கரண்டிவாயன்கள் நிறைய, புழு பாக்கெட் நிறைய. எத்தனை இருந்தன என்று எனக்கு எப்போதாவது தெரிந்திருந்தால்தானே.

அவரும் என்னைப் போலவே ஒரு மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றியது. கரண்டிவாயன் என்றால், ஐந்து வேண்டும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதை வாயால் சொல்ல முடியாததால்தான் என்னை எடுக்கச் சொன்னார். புழு என்றால், அந்த ஒரு நொடிக்கு அவர் தயார்.

நான் ஏழரையைப் பையில் வைத்தேன். வெளியே எடுக்கவில்லை. சரியா என்று தெரியாது. வளைவுக்கு முன்பே கியர் குறைக்கும் மனிதருக்கு எப்போது குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை.

இதை நீங்கள் வாசிக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்து எவ்வளவோ காலமாகியிருக்கும். எனக்கு அது நாளைக் காலை. கரையில் ஒரு கல்லில் அண்ணன் உட்காருவார். தடியைப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். தூண்டில் முள்ளைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிய, அவர் ஒளித்து வைத்த அந்த இரை, மூடிய வலது கைக்குள் இருக்கும். களவு போகாத பாக்கெட்டு. இடது கையால் விரல்களைப் பிரிக்கத் தொடங்குவார். உதவி செய்யப் போனால் ஏசுவார் என்பதால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் சுண்டுவிரல். பிறகு மோதிர விரல்.

மிச்ச விரல்களை நீங்கள் பிரியுங்கள்.