பின்பக்கமாகக் கோட்டை ஏறியவர்

செக் நாட்டு ஓலொமோட்ஸ் நகரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவர் ஹினெக். ஓய்வு பெற்றதும் மனைவி லிபுஷேயுடன் ஸ்லோவாக்கியாவில் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றினார். மூன்றாம் நாள் ஒரு மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இறங்கினார்கள்.

மேலே போக வேன் நின்றது. லிபுஷே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"வேன்ல போறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம். மேப்புல பின்பக்கமா ஒரு வழி இருக்கு. உனக்கு முன்னாடி நான் அங்க நிப்பேன்," என்றார் ஹினெக்.

"முழங்கால்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கால் மணி நேரம் வரை வழி இருந்தது. பிறகு முட்புதர், அப்புறம் சரளை. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தன் வரைபடத்தில் அதைப் பார்க்கவே இல்லை. 'வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்' என்று முனகியபடி, மதிலடியில் ஒரு வேரைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

தலைக்கு மேலே கோட்டை வழிகாட்டிப் பெண்ணின் குரல் கேட்டது. "இந்தப் பக்கமா வந்து யாரும் கோட்டையப் பிடிச்சதில்ல. எட்டிப் பாத்தா ஏன்னு தெரியும்."

இருபது தலைகள் எட்டிப் பார்த்தன. அதில் ஒன்று லிபுஷேயுடையது.

"ஒருத்தர் இன்னும் முயற்சி பண்றாரே," என்றார் யாரோ.

ஹினெக்குக்குக் காது சிவந்தது. வேறு வழியில்லாமல் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். "சரணடையறேன். கதவைத் திறங்க."

"மதில்ல துருத்திக்கிட்டு இருக்கிற அந்த ஓட்டைக்குக் கீழ மட்டும் நிக்காதீங்க ஐயா. அது அந்தக் காலத்துப் பிரபுவோட கழிப்பறை," என்றாள் வழிகாட்டி.

"இப்ப யாரும் உள்ள இல்லையே?"

"நானூறு வருஷமா இல்ல."

பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, இரண்டு பேர் அவரை இடுப்புப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

"முன்னாடி நிப்பேன்னியே?" என்றாள் லிபுஷே.

"நின்னேனே. கொஞ்சம் கீழ நின்னேன்."

முற்றத்துக் கடையில் அவருக்கு மொச்சை சூப் வாங்கித் தந்தாள். அவர் பாதி குடிப்பதற்குள் வழிகாட்டி அடுத்த கூட்டத்தோடு வந்தாள். "இன்னிக்குக்கூட ஒருத்தர் பின்பக்கமா ஏறப் பாத்தார்."

ஹினெக் கரண்டியை உயர்த்தினார். "அந்த ஆள் நான்தான். போட்டோ வேணும்னா சூப் ஆறுறதுக்குள்ள எடுத்துக்கங்க."

நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள்.