பதினொரு விநாடிச் சிரிப்பு

படம் வெளியான வெள்ளிக்கிழமை, பகல் காட்சியில் எழுந்த சிரிப்பு, அதில் நடித்த குட்டையோடு சேர்ந்து தியேட்டரை விட்டு வெளியே வந்தது. இன்றுவரை அவனை விட்டுப் போகவில்லை. அவன் எதையாவது மனசாரச் சொன்னால் போதும், எங்கிருந்தோ முந்நூறு பேர் ஒரேயடியாகச் சிரிப்பார்கள். சரியாகப் பதினொரு விநாடி. நடுவில் ஒரு விசில், கடைசியில் யாரோ ஓர் ஆளின் வறட்டு இருமல். கடையில் ரெண்டு கிலோ வெங்காயம் கேட்டால் வராது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னபோது வந்தது. டாக்டர் முதல் முறை கோபப்பட்டார், இரண்டாம் முறை பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.

படம் ஒன்றும் காவியம் இல்லை. இரண்டு நண்பர்கள், நெட்டை காதலிப்பான், குட்டை உதை வாங்குவான். நெட்டைக்காகத் தூது போய், பெண்ணின் அண்ணனிடம், அப்பாவிடம், எதிர்வீட்டுக்காரரிடம்கூட மாட்டி, மொத்தம் நாற்பத்து மூன்று உதை. பத்திரிகைக்காரர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் நாலு மாதம் ஓட்டினார்கள். படப்பிடிப்பில் உதைத்தவர்களுக்கு அளவாக உதைக்கத் தெரியாததால் குட்டையால் உட்கார முடியவில்லை. உடை தைக்கும் பெண் இதைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவன் கால்சட்டையின் பின்பக்கத்தில், வெளியே தெரியாதபடி, நாலடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "இனிமே வலிக்காது, போங்க" என்றாள். ஆள் அங்கேயே விழுந்துவிட்டான். அவனுக்கு வலிக்குமே என்று அதுவரை யார் நினைத்தார்கள்?

உடனே காதலைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். படம் வரட்டும், ஓடட்டும், நாமும் ஒரு ஆளான பிறகு சொல்லலாம் என்று இழுத்தடித்தான். படம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். கடிதம் எழுதினான், பிரித்தால் அதற்குள்ளிருந்தும் முந்நூறு பேர் சிரித்தார்கள். கடைசியில் நெட்டையிடம் போய் நின்றான்.

"படத்துல உனக்காக எத்தனை தடவை போனேன். எனக்காக ஒரே ஒரு தடவை போடா."

"அட, இதுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்க? நான் பாத்துக்கறேன் மாப்ளே."

பார்த்துக்கொண்டான் பாவி. நாலு வாரம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். "உன்னைப் பத்திப் பேசத்தான் போனேன், பேச்சு எங்கெங்கயோ போயிடுச்சு" என்றான். கல்யாணத்தில் குட்டையை மேடையேற்றி வாழ்த்தச் சொன்னார்கள். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் என்றான். மண்டபமே காது கொடுத்துக் காத்திருந்தது. சிரிப்பு வரவில்லை. மணப்பெண் மட்டும் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

வருடங்கள் போயின. சிரிப்புக்காகவே சின்னச் சின்ன வேஷம் கொடுத்தார்கள், அதுவும் நின்றது. அந்த இருமல் தன் செத்துப்போன புருஷனுடையது என்று கண்டுபிடித்த ஒரு பெண்மணி வருடத்துக்கு ஒரு முறை வந்து, ஏதாவது உண்மையாகச் சொல்லச் சொல்வாள். "நான் தனியா இருக்கேன்" என்பான். அவள் இருமல்வரை கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள்.

முப்பத்தோராம் வருடம் நெட்டை மாரடைப்பில் போனான். பதினாறு நாள் கழித்துத் துக்கம் விசாரிக்கக் குட்டை போனபோது, நெட்டையின் மனைவி ஜன்னலோரம் ஏதோ சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் மேல எனக்குக் கோபமே இல்லை என்றான். அறை அமைதியாக இருந்தது. பிறகு, இனி என்ன இருக்கிறது என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியேவிட்டான். முந்நூறு பேரும் சிரித்தார்கள். விசில் வந்தது. அவள் ஊசியை நிறுத்தி, இருமல் முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"மண்டபத்துலயே புரிஞ்சுபோச்சு" என்றாள். "அதுக்கு முன்னாடி நீங்க நேர்ல வந்திருக்கலாம். வேற ஆளை அனுப்பினீங்க. பதினோரு விநாடிதானே, நான் காத்திருக்க மாட்டேனா?"

"தப்பு என்னோடதுதான்" என்றான் குட்டை.

அதற்கும் சிரித்தார்கள். அவள் நூலை வாயால் கடித்து அறுத்தாள். இருவரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள்.