பிஸ்கட் டப்பாவில் தொங்கிய வீடு

லிஃப்டுக்காரரின் வீடு முதல்முறையாக ஒரு சாண் கீழே இறங்கியது ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்று காய்கறி விலையில் மாற்றம் எதுவும் இல்லை. எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர், ஏழு வருடமாக அளக்க ஒன்றும் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தவர், நாடாவோடு ஓடிவந்து அளந்து, தன் வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டுத் தேதியும் எழுதினார். இங்கே சொல்லப்படும் அளவுகளெல்லாம் அந்தச் சுவரிலிருந்து எடுத்தவை. சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்.

அந்த வீடு கடன் வாங்கித் தூக்கிய வீடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெருவிலிருந்த வீடுகளெல்லாம் பள்ளத்துக்குள் போயிருந்தன. மழை பெய்தால் தண்ணீர் கதவைத் தட்டாமலே உள்ளே வரும். லிஃப்டுக்காரர் ஃபைனான்ஸில் கடன் வாங்கி, ஆள் வைத்து, சுவருக்கடியில் இருபத்துநான்கு ஜாக்கி கொடுத்து, வீட்டை இரண்டரை அடி தூக்கினார். வாசலில் மூன்று புதுப் படிகள் முளைத்தன. ஊரார் மாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர் மேல்படியில் நின்று பல் தேய்ப்பதைப் பார்த்து அந்தத் தெரு ஆறு மாதம் வயிறெரிந்தது.

லிஃப்டுக்காரர் யோக்கியர். கடனை வைத்துக்கொண்டு கையில் காசு வைத்திருப்பது திருட்டுக்குச் சமம் என்பது அவர் கொள்கை. சம்பள நாளன்று தவணையைக் கட்டிவிட்டு, மிச்சமிருப்பதையும் பையை உதறிக் கூடுதலாகக் கட்டிவிட்டு, காலிப் பையோடு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வருவார். அப்படிக் கட்டும்போதெல்லாம் வீடு ஒரு விரற்கடை உயரும். இரண்டு வாரம் கழித்து பைக் டயர் வெடிக்கும், அல்லது மோட்டார் புகையும். கையில் சல்லிக்காசு இருக்காது. வசூலுக்கு வருகிற ஆளுக்கு 'சிரிப்பு' என்று தெருவில் பெயர். அவர் சிரித்தபடியே இரட்டை வட்டிக்குக் கைமாற்று தருவார், லிஃப்டுக்காரர் கையெழுத்துப் போடுவார், வீடு ஒரு சாண் இறங்கும். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. பத்து மாடிக் கட்டடத்தில் எந்தத் தளத்தில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு இந்தக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை. கடனை அடைப்பதில் அவர் காட்டிய வேகத்தில் மூன்று படிகளும் தரைக்குள் போய்விட்டன.

அவருடைய மனைவி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். நெளிந்துபோனது என்று கம்பெனி கழித்துக்கட்டிய ஒரு தகர டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடி நெளிந்து நேராக நிற்காததால், சமையலறை மேல்தட்டில் மூடி வெளிப்பக்கம் பார்க்கப் படுக்கவைத்தாள். சனிக்கிழமைதோறும் அதற்குள் ஒரு நோட்டு போடுவாள். பெரிய நோட்டெல்லாம் இல்லை, கூடுதல் நேரம் பார்த்ததற்கு வரும் சில்லறையை மாற்றியது. அடுத்தமுறை வீடு இறங்கியபோது தட்டும் இறங்கியது, டப்பா இறங்கவில்லை. இருந்த உயரத்திலேயே அந்தரத்தில் நின்றது. அவள் டப்பாவுக்கும் தட்டுக்கும் நடுவே கையைவிட்டுப் பார்த்தாள். தட்டைத் துடைப்பது இனி சுலபம் என்று தோன்றியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனாள்.

லிஃப்டுக்காரர் பார்த்தபோது டப்பா அந்தரத்தில் நிற்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே காசு இருப்பதைப் பற்றித்தான் கத்தினார்.

"கடன்காரன் வீட்ல சேமிப்பா? அங்க வட்டி ஓடிட்டிருக்கு, இங்க காசு தூங்குது."

"தூங்கட்டும். ஒரு நாளைக்கு எழுப்பத்தானே வச்சிருக்கேன்."

அவருடைய அக்காவுக்கு விஷயம் போனது. அன்றுமுதல் நாத்தனார் வாயில் அவள் பெயர் டப்பாக்காரி. அந்த வாரமே, அவள் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லிஃப்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இழுத்துப் பார்த்தார். அரை டன் எடையைச் சங்கிலி கட்டி இழுக்கிறவரால் அதை ஒரு நூல்கூட அசைக்க முடியவில்லை. மூடியைத் திறந்து காசை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டுபோய் ஃபைனான்ஸில் கட்டினார். வீடு மூன்று விரற்கடை உயர்ந்தது. அவர் வாசலில் நின்று சர்வேயரைப் பார்த்துக் கையாட்டினார். ஆறாம் நாள் அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கி முகம் ஒரு பக்கமாகப் போனது. பல்லுக்கு ஒரு கைமாற்று, பல் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக்கு இன்னொரு கைமாற்று. வீடு இரண்டு சாண் இறங்கியது.

இப்போது ஜன்னல் விளிம்பு ஏறக்குறைய ரோட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்களின் செருப்பை வைத்து ஆளை அடையாளம் சொல்லுமளவுக்கு மனைவி தேறிவிட்டாள். ஒரு தெருநாய் தினமும் ஜன்னலருகே படுத்துக்கொண்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. இன்னும் இரண்டு சாண் இறங்கினால் மழைத்தண்ணீர் ஜன்னல் வழியாக இறங்கும், கதவையும் திறக்க முடியாது, வீட்டை விட்டுவிடவேண்டியதுதான் என்று சர்வேயர் கணக்குப் போட்டுச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பொலிவு. மனைவி ஒன்பது நாள் புருஷனோடு பேசவில்லை. பத்தாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, லிஃப்டுல கயிறுதான் நல்லாருக்கே. அப்புறம் எதுக்கு அடியில ஒரு பிரேக் வச்சிருக்காங்க?"

கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் அது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அது வேலை செய்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் மாதாமாதம் எண்ணெய் போட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார். பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவியபடி, தவணையைத் தவறாமல் கட்டுவது, அதற்குமேல் மிஞ்சுவதில் பாதி கடனுக்கு, பாதி டப்பாவுக்கு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட முகம் இன்னொரு பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவன் முகம்போல இருந்தது. அதன்பிறகு பதினான்கு மாதம் பைக்கும் மோட்டாரும் வழக்கம்போலக் கெட்டுப்போயின, பணம் டப்பாவிலிருந்து வந்தது, வீடு இறங்கவில்லை. கூடுதலாகக் கட்டுவது பாதியாகிவிட்டதால் ஏறியதும் பெரிதாக ஒன்றுமில்லை. சர்வேயருக்குப் பொழுது போகவில்லை.

அப்புறம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், அதைப் பார்க்க ஒன்பது மாடி நடந்தே ஏறிய லிஃப்டுக்காரர், படியில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. செய்தி எட்டியதும் சிரிப்பு, நிரப்பிய விண்ணப்பத்தோடும் சொந்தப் பேனாவோடும் வந்து இறங்கினார். தெருக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்குக் குஷன் வைத்த நாற்காலி கிடைத்தது.

"உடம்பு சரியாகட்டும் அண்ணே, பணம் எங்க போகப்போவுது. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, ரெண்டே கையெழுத்து."

பழக்கதோஷம், லிஃப்டுக்காரரின் இடது கை தானாகப் பேனாவை வாங்கிக்கொண்டது. பேனா முனை காகிதத்தைத் தொட்டதுமே வீடு இறங்க ஆரம்பித்தது. ஒரு சாண் இறங்கியிருக்கும், சமையலறையில் 'டங்' என்று ஒரு சத்தம். கூரை டப்பாவின் மேல் வந்து உட்கார்ந்து, வீடு அப்படியே நின்றுவிட்டது. நின்ற வேகத்தில் பேனா கீழே விழுந்தது. மனைவி கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஸ்டூலில் ஏறினாள். டப்பா படுத்திருந்ததால் மூடியைத் திறக்கக் கூரை தடையாக இல்லை. அந்த மாதத் தவணையை எண்ணிச் சிரிப்பின் கையில் வைத்தாள்.

"ரசீது குடுங்க. அந்த ஃபாரத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

சிரிப்பின் வாய் மூடியதைத் தெரு அன்றுதான் பார்த்தது. மூடினால் அது சாதாரண வாய்தான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின, குஷன் நாற்காலி கடைசியாகப் போனது.

ஆறு வாரமும் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். காசு குறையக் குறைய டப்பாவின் பிடி தளரும் என்று சர்வேயர் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். கடைசி வாரம் உள்ளே ஏழு நாணயங்கள் இருந்தன. ஒரு வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டுப் பிரித்து முதல் சம்பளம் வாங்கிய அன்று லிஃப்டுக்காரர் தவணையைக் கட்டினார், பையை உதறாமல் வீட்டுக்கு வந்தார், சட்டையைக் கழற்றும் முன்னே ஸ்டூலில் ஏறி ஒரு நோட்டைப் போட்டார். இறங்கும்போது கூரையும் டப்பாவும் சேருமிடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

கடன் தீர ஐந்து வருடம் ஆனது. வீடு விரற்கடை விரற்கடையாக ஏறியது, ஜன்னல் தெருவைவிட்டு மேலே வந்தது, நாய் வேறு வீடு பார்த்துக்கொண்டது. ஒரு நாள் தட்டு டப்பாவைத் தொட்டது. அதன்பிறகு டப்பா முரண்டு பிடிக்காமல் வீட்டோடு சேர்ந்து ஏறியது. மூன்று படிகளும் வெளியே வந்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். டப்பாவை நகர்த்த முடியாது என்று பெயிண்டர் சொன்னார், அதைச் சுற்றி அடித்தால் போதும் என்று மனைவி சொன்னாள். அதுதான் கடன் தீர்ந்துவிட்டதே, இனி எதற்கு அந்த டப்பா என்று கேட்டாள் நாத்தனார். கேட்டது சனிக்கிழமை. லிஃப்டுக்காரர் பெயிண்டர் இறங்கும்வரை காத்திருந்து, அவருடைய ஏணியிலேயே ஏறி, ஒரு நோட்டைப் போட்டுவிட்டு இறங்கினார்.