ஆவலாக வரவும்

தென்காசி மாதர் சங்கத்தில் தையல் சொல்லித் தருகிறார்கள் என்றுதான் உலகம்மாள் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தேழாம் வருஷம் அது. தையலோடு எழுத்தும் உண்டு என்று போன பிறகுதான் தெரிந்தது. முப்பது வயதில் பலகையைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஆறே மாதத்தில் கடைப் பலகைகளைக் கூட்டி வாசித்துக்கொண்டே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

அவளுடைய கணவர் தில்லைநாயகம் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். கப்பலேறியபோது அவளுக்கு நாலு மாதம். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர் ஆறு வருஷமாக வரவில்லை. பிறந்த பையன் அவர் முகத்தைப் பார்க்காமலே இரண்டாம் வயதில் காய்ச்சலில் போனான். அவள் சொல்லச் சொல்ல அவருக்குக் கடிதம் எழுதுவதும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும் கொழுந்தன் ஞானசம்பந்தம். குற்றாலம் போகும் வழியில் சிற்றாற்றுப் பாசனத்தில் இருந்த நிலத்தையும் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் டீச்சர் இராமலட்சுமி கரும்பலகையில் 'ஆவலாக' என்று எழுதி, அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கச் சொன்னாள். டீச்சருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். படிக்க வந்த எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாடு ஆவலாகப் புல் தின்றது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். உலகம்மாள் பலகையில் எழுதிக் காட்டினாள்: 'ஆவலாக வரவும்.'

டீச்சர் அதைப் படித்துவிட்டு, யாருக்கு ஆவல் என்று கேட்டாள். எனக்குத்தான் என்றாள் உலகம்மாள்.

"அப்படின்னா இது தப்பு அக்கா. ஆவலாக வரவும்னா வாறவருக்குத்தான் ஆவல்னு ஆயிரும். உங்க ஆவல்னா, ஆவலாக எதிர்பார்க்கிறேன்னு எழுதணும். அவரோட ஆவல நாம எழுத முடியாதுல்லா."

உலகம்மாள் அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். அந்த வார்த்தையை இத்தனை வருஷத்தில் அவள் வாயால் சொன்னதில்லை. கண்ணு பூத்துப்போச்சுன்னு எழுதுங்க தம்பி, சீக்கிரமா வரச் சொல்லுங்க என்றுதான் கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவான்.

அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த கணவரின் கடிதங்களை எடுத்தாள். படித்துச் சொன்னதும் ஞானசம்பந்தம் அவற்றை அவளிடமே கொடுத்துவிடுவது வழக்கம். அவள் எங்கே படிக்கப்போகிறாள் என்ற தைரியம். முதல் கடிதத்தைக் கூட்டி வாசிக்க அரை மணி நேரமானது.

'சாவகாசமாக வந்தால் போதும், இங்கே ஒரு அவசரமும் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் விருப்பம் அதுவானால் சரி.'

தனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள். திரும்ப ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அதேதான் வந்தது. அடுத்ததிலும் அப்படியே இருந்தது. பையன் செத்ததற்கு வந்த பதிலைக் கடைசியாக எடுத்தாள். கடையில் லீவு கிடைக்கவில்லையாம் என்று அன்றைக்குக் கொழுந்தன் படித்துச் சொல்லியிருந்தான். கடிதத்தில் லீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனி வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாய். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லை போலும்.'

அவள் அழவில்லை. அழுதால் வீட்டில் கேட்பார்கள். கடிதங்களை மடித்து வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் சங்கத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே கடிதம் எழுதினாள். இதுவரை வந்தவை தான் சொன்னவை அல்ல, இப்போதுதான் எழுதப் படித்திருக்கிறேன், தங்களை ஆவலாக எதிர்பார்க்கிறேன் என்று நாலே வரி. பதிலைச் சங்கத்து விலாசத்துக்குப் போடச் சொல்லியிருந்தாள். டீச்சர் ஒரு ஒற்றெழுத்தை மட்டும் திருத்தினாள்.

பதில் வர ஒன்றரை மாதமானது. தை மாதம் முதல் நீர்கொழும்பில் ஒரு பெண்ணோடு இருப்பதாகத் தில்லைநாயகம் எழுதியிருந்தார். அவளுக்கு இப்போது ஆறு மாதம். 'உன் கையெழுத்தைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது நான் புறப்பட்டு வந்தால் உன்னை விட்டது போலவே இவளையும் விட்டவன் ஆவேன்.'

ஞானசம்பந்தம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உலகம்மாள் அந்தக் கடிதத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் படித்தான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணன் வந்தா பாகம் கேப்பாவ மதினி. இருக்கதே நாலு கோட்டை விதைப்பாடு நெலம். ரெண்டாப் பிரிச்சா யாருக்குக் காணும்? உங்களுக்கு இங்கன என்ன கொறை வச்சேன்?"

"புள்ள செத்தப்பவுமா தம்பி?"

அவன் மறுபடியும் சோற்றில் கை வைத்தான். மோர் கேட்டான். அவன் பெண்டாட்டி வந்து ஊற்றினாள்.

உலகம்மாள் அன்றே ஒரு வெள்ளைத் தாள் வாங்கிக் கொழும்புக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். அதில் ஆவல் ஏதும் இல்லை. உங்கள் பாகத்தை என் பேருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் இருந்தது. சம்மதம் என்று பதில் வந்தது. ஞானசம்பந்தம் அதற்குப் பிறகும் இழுத்தடித்தான். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, அண்ணன் வராமல் பிரிவினை செல்லாது என்றான். அவர்களும் தலையாட்டினார்கள். அறுபத்தொன்றில், ஆனி மாதம், தில்லைநாயகமே வந்து இறங்கினார்.

பதிவு ஆபீஸில் அவர் கையெழுத்துப் போட்டார், அவளும் தன் பேரை எழுதினாள். மேஜையில் கைரேகைக்கு மை எடுத்து வைத்திருந்த குமாஸ்தா அதைத் தள்ளி வைத்தான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தில்லைநாயகத்துக்குத் தலை நரைத்திருந்தது. பையனைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து குற்றாலம் ரோட்டில் இறங்கி, சிற்றாற்றங்கரைக்கு நடந்தார்கள். முந்தின வருஷத்து வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அடையாளத்துக்கு வைத்த கல்லும் இல்லை. செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிய இடத்தைக் காட்டி, இங்கனதான் என்றாள். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"யார் மாதிரி இருப்பான்?" என்று கேட்டார்.

"உங்க தம்பி மாதிரி," என்றாள். அது உண்மை. வேறு சொல்லியிருக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் திருநெல்வேலி பஸ் ஏறிப் போனார். அடுத்த வாரமே அவள் பங்கு வயலில் நடவு நடந்தது. ஞானசம்பந்தமும் அடுத்த வயலில்தான் நின்றான். ஒரே வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டார்கள், பேச்சு இல்லை. நீர்கொழும்பிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். தபால்காரரிடம் வாங்கி, வரப்பில் நின்றபடியே படித்து முடிப்பாள். பதில் எழுதியதில்லை.