வாழைப்பழ பிரிகடெய்ரோவும் ஒரு காலி டின்னும்

பிரேசிலில் எங்கள் ஊரான ஜூயிஸ் டி ஃபோராவில் எந்த வீட்டில் பிறந்தநாள் வந்தாலும் இனிப்பு செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே தட்டோடு போய் நின்றுவிடுவேன். சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய டின் பால், கோகோ பொடி, வெண்ணெய் மூன்றையும் அடுப்பில் வைத்துக் கிளறி, சட்டியின் அடி தெரியும்போது இறக்கி, ஆறியதும் உருட்டினால் பிரிகடெய்ரோ. டின்னைத் திறக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். ஆனாலும் ராக்கெட் விடுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகக் கிளறி வருகிறேன்.

அந்த டின்தான் எனக்கு வினையாக முடிந்தது. என் தம்பி அதாவுட்டோவின் மகன் சிரோவுக்கு ஒரு பையன், பெனிசியோ. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவன் அழுகையை நிறுத்தவே இல்லை. ரப்பர் நிப்பிளை டின் பாலில் லேசாகத் தொட்டு வாயில் வைத்தேன். பயல் சட்டென்று அடங்கினான். பெருமையாகத் திரும்பினால் வாசலில் சிரோவின் மனைவி மயாரா நிற்கிறாள்.

"அத்தை, ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரையே கூடாதுன்னு டாக்டர் சொன்னத எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"ஒரு நக்குதானேம்மா. எங்களையெல்லாம் இப்படித்தான் வளத்தாங்க."

"அதான் தெரியுதே," என்றாள் அவள், என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே.

இதையும் பொறுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. பெனிசியோவுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அன்று அவனைக் கையில் ஏந்தப்போகும் ஞானத்தாய் யார் என்று முதல் பிறந்தநாள் விருந்தில் சொல்வதாக இருந்தார்கள். கேக்கின் முதல் துண்டு யார் கைக்குப் போகிறதோ அவள்தான். எனக்குப் பிள்ளை இல்லை. ஊரில் பாதிக் குழந்தைகளின் வாயில் இனிப்பைத் திணித்திருக்கிறேன். ஆனால் தேவாலயத்தில் எந்தக் குழந்தையையும் கையில் கொடுத்து "பிடிச்சுக்கோ" என்று யாரும் சொன்னதில்லை. அந்த முதல் துண்டு எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டும்.

போட்டிக்கு லிவியா இருந்தாள். மயாராவின் தோழி, யோகா டீச்சர். ரப்பரால் செய்தவள் மாதிரி வளைவாள். சர்க்கரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். எனக்குக் குனிந்து செருப்பு மாட்டவே யாராவது கை கொடுக்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின்போது எல்லோர் முன்னாலும் வாயை விட்டேன். "பெனிசியோ பொறந்தநாளுக்கு பழத்துலயே பிரிகடெய்ரோ பண்றேன். அடுப்பே வேண்டாம். ஒரு துளி சர்க்கரை இருக்காது."

அதாவுட்டோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"செய்றதா இருந்தா எங்க வீட்ல வந்து செய்யுங்க," என்றாள் மயாரா. நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.

விருந்தன்று காலையிலேயே அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்தேன். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து வெந்நீரில் ஊறவைத்தேன். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழங்களைப் பிசைந்தேன். இரண்டையும் மிக்ஸியில் அடித்து, கோகோ பொடி, தேங்காய்த் துருவல் சேர்த்துக் கிளறினேன். அடுப்பில்லாமல் கிளறுவது எனக்குக் கைவரவில்லை. பழக்கதோஷத்தில் பாத்திரத்தின் அடி தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கலவை சேறு மாதிரி கிடந்தது. இன்னும் கொஞ்சம் துருவலைக் கொட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். இறுகியதும் எடுத்து ஒரு வாய் தின்று பார்த்தேன்.

வாழைப்பழம். மென்று பார்த்தேன், அப்போதும் வாழைப்பழம். கடைசியில் எங்கிருந்தோ கோகோ வந்து லேசாகக் கசந்துவிட்டுப் போனது.

மற்ற பெண்கள் கைப்பையில் ஜெபமாலை வைத்திருப்பார்கள். என் பையில் எப்போதும் ஒரு டின் பால் இருக்கும். மயாரா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சிரோ பலூன் வாங்கப் போயிருந்தான். டின்னைத் திறந்தேன். ஒரு ஸ்பூன் விட்டால் போதும், என் பெயர் பிழைத்துவிடும். ஸ்பூனைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். குளியலறையில் பெனிசியோ தண்ணீரை அடித்துச் சிரிப்பது கேட்டது. இவனையா ஏமாற்றுவது என்று மனசு சுருங்கியது. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. எது பெரிது என்று கேட்காதீர்கள். ஸ்பூனை என் வாய்க்குத் திருப்பினேன். திறந்த டின்னை எங்கே ஒளிப்பது? இன்னொரு ஸ்பூன். பிறகு இன்னொன்று. வழித்து நக்கி முடித்து, காலி டின்னைக் குப்பைக் கூடையில் வாழைப்பழத் தோலுக்கு அடியில் புதைத்துவிட்டு, உருண்டைகளைச் சின்னச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் அழகாக அடுக்கினேன்.

எங்கள் ஊரில் பிறந்தநாள் பாட்டு முடியும்வரை இனிப்பு மேசையைத் தொடக்கூடாது. அதனாலேயே பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து திருடும். பாட்டு வருவதற்குள் பாதித் தட்டு காலியானால்தான் செய்தவளுக்கு மரியாதை. அன்று ஒரு பயல் தலையை நீட்டினான், மோந்து பார்த்தான், மறுபடி உள்ளே போய்விட்டான். தட்டு அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. திருடக்கூட லாயக்கில்லாத இனிப்பைச் செய்துவிட்டு, நான் அதற்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் காகித ஜூஸ் டம்ளர்களைக் குப்பைக் கூடையில் போடப்போன லிவியா சமையலறையிலிருந்து வந்தாள். செத்த எலியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலில் அந்த டின்னைப் பிடித்திருந்தாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தை," என்றாள் மயாரா, "இது என்ன?"

"டின்னு."

"உள்ள இருந்தது எங்க?"

"நான் சாப்ட்டுட்டேன்."

"முழு டின்னையுமா?"

"வழிச்சு நக்கிட்டேன்மா."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். மயாரா சிரிக்கவில்லை. "இந்த ஒரு நாளாவது என் பேச்சக் கேப்பீங்கன்னு நெனச்சேன்," என்றபடி தட்டுகளை மேசையிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். அவள் குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"இரும்மா, ஒண்ணு பாக்கறேன்," என்று அதாவுட்டோ நடுவில் கையை விட்டு ஓர் உருண்டையை வாயில் போட்டான். மென்றான். மெல்வதை நிறுத்தினான். "இதுல டின் பால் இருந்தா நான் என் பேர மாத்திக்கறேன். அக்கா, என்ன கருமம் இது? அழுகின பழத்துக்கு மாறுவேஷம் போட்ட மாதிரி இருக்கு!"

எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒருத்தர் முகம் சுளித்தார். ஒருத்தர் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு வாய்க்கும் என் முப்பது வருடப் பெயர் ஒரு படி இறங்கியது. என் மேலிருந்த பழியும் கூடவே இறங்கியது. அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என்மேல் இரக்கப்பட்டு, "அவ்வளவு மோசமில்லையே, கொஞ்சம் ருசியாத்தான இருக்கு," என்றாள்.

மயாராவின் கண் சுருங்கியது.

"இல்ல!" என்று கத்தினேன். "ருசியெல்லாம் கெடையாது! கேவலமா இருக்கு! என் வாழ்க்கையில இவ்வளவு மட்டமா நான் செஞ்சதே இல்ல, சத்தியமா!"

மயாரா என்னையே பார்த்தாள். பிறகு தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகம் கோணியது, உதடு துடித்தது, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மிச்சத்தைப் பிட்டு, இடுப்பிலிருந்த பெனிசியோவின் வாயில் வைத்தாள். சர்க்கரை என்றால் என்னவென்று அறியாத அந்தப் பிள்ளை சப்பிச் சப்பித் தின்றது. தின்றுவிட்டு என் தட்டைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

பாட்டு பாடி, மெழுகுவர்த்தியை ஊதி, கேக்கை வெட்டினார்கள். முதல் துண்டு என்னைத் தாண்டி லிவியா பக்கமாகப் போனது. தரையைப் பார்த்துக்கொண்டேன். லிவியா தட்டை வாங்கி, பெனிசியோவின் கையை அதில் தொடவைத்து, அப்படியே என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "மயாரா கைல புள்ள இருக்குல்ல, அதான் அவளுக்காக நான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள். பின்னாலேயே மயாரா வந்து நின்றாள்.

"ஞானஸ்நானத்துக்கு இனிப்பு நீங்க செய்ய வேண்டாம் அத்தை."

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"ஆமா. ஆனா அதுக்கில்ல. அன்னைக்கு உங்க கைல இவன் இருப்பான்ல."

அழுதுவிட்டேன், அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக. பெனிசியோ கோகோ அப்பிய கையால் என் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வயிற்றுக்குள் ஒரு முழு டின் பால் உருண்டுகொண்டிருந்தது. அப்படியும் அந்தக் கேக்கை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தேன்.